கடை ராக்கைக்கும் ஸகாத் உண்டா?

 

நுவரெலியா கார்கில்ஸ் கடைக்குள் நுழைந்தால் ராக்கைகளும் குளிர்சாதனப் பெட்டிகளும் கண்ணில் படும். 1844இல் கண்டியில் தொடங்கிய அந்நிறுவனத்தின் ஐந்தொகையில் இவை நிலையான சொத்துக்கள். வருடந்தோறும் தேய்மானம் கழித்து எழுதப்படும். ராக்கையிலுள்ள அரிசி, சீனி விற்பனைச் சரக்கு.

மார்க்கச் சட்டமும் இப்படியே பிரிக்கிறது. பாவிக்க வைத்த பொருளுக்கு ஸகாத் இல்லை. விற்க வைத்ததற்கு உண்டு. ஹட்டனில் சில்லறைக் கடைக்காரர் பாவிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கு ஸகாத் இல்லை. அதே பெட்டியை விற்கும் வியாபாரிக்கு உண்டு.

ஆகவே, "காசெல்லாம் கடையில் முடங்கிக் கிடக்கிறது" என்று ஒதுங்கிவிட முடியாது. வருடம் பூர்த்தியானதும் வீட்டுக்காரருடன் அமர்ந்து சரக்கை அன்றைய விலைக்கு மதியுங்கள். கையிருப்புப் பணத்தையும் சேர்த்து நிஸாபை எட்டினால், நாற்பதில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுங்கள். அது ஏழையின் உரிமை. நம் சொத்துக் கணக்கில் அதற்கு இடமில்லை.