தொப்பையா, தோளா... எது முதல்ல?

ஜிம்முக்குப் பணம் கட்டியாச்சு. ஷூ வாங்கியாச்சு. அடுத்து ஆரம்பிக்கும் பாருங்க பஞ்சாயத்து! ''மச்சான், முதல்ல தொப்பையைக் கரைச்சுடு. அப்புறமா பாடி ஏத்திக்கலாம்'' என்பான் ரூம் மேட். ''நல்லா தின்னு உடம்பை ஏத்து தம்பி. இறக்குறதை அப்புறம் பார்த்துக்கலாம்'' என்பார் ஜிம் கண்ணாடியை விட்டு நகராத சீனியர். 'கட்டிங்', 'பல்கிங்' என்று ஆளுக்கொரு வார்த்தையைக் காதில் போட்டுவிட்டு இருவரும் போய்விடுவார்கள். நடுவில் முழிப்பது நீங்கள்தான். சட்டையைக் கழற்றினால் கை குச்சி... வயிறு மட்டும் பானை!

நம்ம ஊர் ஹாஸ்டல்களில் இந்த உடம்பு சர்வ சாதாரணம். குண்டும் இல்லை, ஒல்லியும் இல்லை, ரெண்டும்தான். இதற்கு இரண்டு டாக்டர்களே தங்கள் உடம்பை சாட்சியாக வைத்திருக்கிறார்கள். புனேவின் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின். 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற போட்டோவைப் போட்டு எழுதினார்கள். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிற பி.எம்.ஐ. கணக்கில் இருவருமே 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், நம்மாளுக்கு 21.2! லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவதுதான் யாஜ்னிக்கின் முக்கிய எக்ஸர்சைஸ் என்று கிண்டலும் அடித்திருந்தார்கள்.

அதனால் எடை மெஷினை நம்பாதீங்க பாஸ். தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப்தான் நமக்கு ஜட்ஜ். காலையில் வெறும் வயிற்றோடு, தொப்புள் மட்டத்தில் சுற்றி அளக்கணும். வயிற்றை எக்கக்கூடாது, யாரும் பார்க்கலை! இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேலே போனால் கொழுப்பு முதலில்.

'கொழுப்பு முதலில்' என்றதும் டிரெட்மில்லில் ஏறி, ராத்திரிச் சாப்பாட்டை கட் பண்ணிவிட்டுப் படுப்பவர்கள்தான் அதிகம். அங்கேதான் வில்லங்கம். வெயிட் தூக்காமல் பட்டினி கிடந்தால் கொழுப்போடு சேர்ந்து இருக்கிற கொஞ்ச நஞ்ச தசையும் கரையும். மூணு மாசத்தில் அதே பானை, கொஞ்சம் சின்ன சைஸில்! குறைக்க வேண்டியது ஒரு நாளைக்கு 300-லிருந்து 500 கலோரி. சாயங்காலம் ரெண்டு பரோட்டாவை விட்டாலே கிட்டத்தட்ட அந்தக் கணக்கு வந்துடும். வாரத்துக்கு அரை கிலோ இறங்கினால் போதும். வெயிட் மட்டும் முதல் நாளிலிருந்தே தூக்கணும்.

சீனியர் சொல்லாத ஒரு சமாசாரம் இருக்கு. புதுசா வெயிட் தூக்குகிற உடம்புக்கு, கொழுப்பு குறைகிற அதே நேரத்தில் தசையும் ஏறும். வருஷக்கணக்கில் தூக்கியவருக்கு அது அத்தனை சுலபத்தில் நடக்காது. அதனால்தான் அவர் சில மாசம் ஏற்றி, சில மாசம் இறக்கி, காலண்டர் போட்டு வாழ்கிறார். அது மேடையேறிப் போஸ் கொடுக்கிறவர்களின் காலண்டர். நேற்று சேர்ந்த உங்களுக்கு எதுக்கு?

டேப் 90-க்குக் கீழே, ஆனால் கை குச்சி, லேசாகத் தொப்பை என்றால் ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். சாப்பாட்டின் அளவு அதேதான், தட்டில் இருப்பதை மட்டும் மாற்றுங்கள். எடை மெஷின் முள் அசையாமலே பேன்ட் லூஸாகும், தோள் இறுகும். விலா எலும்பை எண்ணலாம் என்கிற நிஜ ஒல்லிகள் மட்டும் தினம் 300 கலோரி கூடுதலாகச் சாப்பிடலாம். அதற்காக கெயினர் டப்பா வாங்க ஓடாதீங்க. பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்க, பலதில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். அதைத்தான் மெஸ்ஸில் சோறு என்று போடுகிறார்கள்.

மூன்று கட்சிக்கும் பொதுவான விஷயம் புரோட்டீன். வெயிட் தூக்குகிறவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் நல்ல கணக்கு. 60 கிலோ ஆள் என்றால் 96 கிராம். நாலு முட்டையில் 24, காய்ந்த மீல் மேக்கர் 50 கிராமில் 25, ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை சுண்டலில் 10, கால் லிட்டர் பாலில் 8. ஆச்சு 67. மிச்சம் இட்லி, சாம்பார், சோறு, தயிரிலிருந்தே வந்துடும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இந்தக் கணக்கில் இறங்க வேண்டாம்.

பயிற்சி, வாரத்துக்கு 3 நாள். ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ், ஷோல்டர் பிரஸ், ரோ. தினம் பைசெப்ஸ் மட்டும் அடித்துவிட்டு டைட் டி-ஷர்ட் போடுகிற கோஷ்டியில் சேராதீங்க. நூறு க்ரஞ்சஸ் எடுத்தாலும் தொப்பைக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. பெண்களுக்கும் இதே லிஸ்ட்தான். வெயிட் தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிடுவோமோ என்ற பயமே வேண்டாம், அதற்கான ஹார்மோன் அந்த அளவில் பெண் உடம்பில் கிடையாது.

2007-ல் 'ஓம் சாந்தி ஓம்' ஷாரூக், 2008-ல் 'வாரணம் ஆயிரம்' சூர்யா... அப்போதிலிருந்தே ஹாஸ்டல் சுவர்களில் சிக்ஸ் பேக்தான் ஹீரோ. அந்த அவசரத்தை மோப்பம் பிடித்து, ''ஒரே ஒரு ஊசி தம்பி, ரெண்டே மாசம்'' என்று காதைக் கடிப்பவர்களும் உண்டு. ஸ்டீராய்டு ஊசி போட்டால் உடம்பு தன் சொந்த டெஸ்டோஸ்டிரானைச் சுரப்பதை நிறுத்தும். விரை சுருங்கும், விந்தணு குறையும், இதயத்துக்கும் ஆபத்து. அப்படிச் சொல்கிற ஜிம்மில் கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, வெளியே வந்துடுங்க.

ஒரு பழைய நோட்டில் இன்றைய தேதி, இடுப்பளவு, ஸ்குவாட்டில் தூக்கிய எடை மூன்றையும் எழுதி வையுங்க. 12 வாரம் கழித்து அதே டேப், அதே நோட்டு. இடுப்பு இறங்கி ஸ்குவாட் ஏறியிருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். இடுப்பும் ஏறியிருந்தால் மெஸ்ஸுக்கு வெளியே என்ன சாப்பிட்டீங்கன்னு யோசிங்க. ரெண்டுமே இறங்கியிருந்தால் பட்டினி கிடக்கிறீங்க என்று அர்த்தம், நாளைக்குக் காலையில் ரெண்டு முட்டை சேர்த்துக்கோங்க.