ஊக்கத்தொகை யாருக்கு?

தனியார் துறையின் ஆய்வுக்காக 1 லட்சம் கோடி ரூபாய் நிதித் திட்டத்துக்கு 2025 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வட்டியின்றியோ குறைந்த வட்டியிலோ நீண்டகாலக் கடன் கிடைத்தால் நிறுவனங்கள் புதியன படைக்கும் என்பது தில்லியின் கணக்கு. பணமின்மை ஒன்றே குறை என நம்புவோர், தில்லியை ஒட்டிய குர்கானிலிருந்து இயங்கிய ரான்பாக்சியின் கதையை அறிய வேண்டும்.

அந்நிறுவனத்திடம் பணமும் இருந்தது, அறிவும் இருந்தது. நாளொன்றுக்கு ஒருமுறை உட்கொள்ளும் சிப்ரோஃப்ளாக்சசின் வடிவத்தை உருவாக்கி, 1999இல் பேயர் நிறுவனத்துக்கே உரிமம் வழங்கியது. 2012இல் சின்ரியம் என்னும் மலேரியா மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

மருந்துச் சோதனைத் தரவுகள் புனையப்பட்டதும் அங்கேதான். அதன் அதிகாரியான தினேஷ் தாக்கூர் 2004இல் அதைக் கண்டறிந்தார். தலைமைக்கும் அது எடுத்துரைக்கப்பட்டது. 2005இல் வெளியேறியவர் தாக்கூர்தான். 2013இல் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை குற்றத்தை ஒப்புக்கொண்டது. 50 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. 2008இல் ரான்பாக்சியை வாங்கிய ஜப்பானின் டாய்ச்சி சாங்கியோவிடம் முன்னாள் உரிமையாளர்கள் உண்மையை மறைத்தனர் எனச் சிங்கப்பூர் நடுவர் மன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறைவேற்ற அனுமதித்தது.

இதைச் சிலரின் பேராசை என்று சொல்லி முடித்துவிட இயலாது. காப்புரிமையை எதிர்த்து முதலில் விண்ணப்பிக்கும் பொதுவகை மருந்து நிறுவனத்துக்கு அமெரிக்கச் சட்டம் 180 நாள் தனியுரிமை தருகிறது. ஆகவே முந்துவதற்குப் பரிசு உண்டு. "இம்மாத்திரை தேறவில்லை" என்று அறிக்கை எழுதும் வேதியியலாளருக்கோ பகையே மிஞ்சும். தோல்வியைச் சொல்ல அஞ்சும் ஆய்வுக்கூடத்தில் அறிவு சேராது, கோப்புகள்தான் சேரும்.

தமிழில் ஊக்கம் என்பது உள்ளத்தின் உறுதி. குறள் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. அச்சொல்லோடு தொகையை ஒட்டிய பின் தொகை மட்டும் நினைவில் நிற்கிறது, ஊக்கம் மறந்துபோகிறது.

நிதி வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். 2020–21இல் நாட்டின் ஆய்வுச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு மட்டுமே. ஆனால் உண்மை சொல்பவருக்கு என்ன காப்பு? 2014ஆம் ஆண்டின் முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் அரசுப் பணியாளர் தொடர்பான புகார்களுக்கே உரியது. அதுவும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களில் உட்புகார் முறை கட்டாயம்தான். அதுவும் இயக்குநர் குழுவின் கீழேயே இயங்குகிறது. தலைமையே தவறிழைத்தால் புகார் எங்கே செல்லும்?

பொதுப்பணம் பெறும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மூன்று நிபந்தனைகள் வேண்டும். மூலத் தரவுகளை அழிக்காமல் காக்க வேண்டும். தோல்வியுற்ற சோதனைகளையும் பதிவுசெய்ய வேண்டும். முறைகேட்டை வெளிப்படுத்திய ஆய்வாளரை வெளியாரின் விசாரணையின்றிப் பணிநீக்கக் கூடாது. இவற்றுக்கு இசையாத நிறுவனத்துக்குக் கடன் தர மறுக்கும் துணிவு தில்லிக்கு வர வேண்டும்.