மருந்தா, மடிப்பிச்சையா?

"வேண்டாம்!" என்றனர்.

பத்து இலட்சம் ஊசி மருந்து! காசு கேட்கவில்லை, கடன் என்று சொல்லவில்லை. இலவசமாகவே தருகிறோம், பெற்றுக் கொள்ளுங்கள் என்றது பைசர் கம்பெனி. நிமோனியா நோயினின்று பச்சிளங் குழந்தைகளைக் காக்கும் தடுப்பு மருந்து அது. போர் மூண்ட நாடுகளிலும் அகதி முகாம்களிலும் பணியாற்றும் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்ற அமைப்பு, 2016 அக்டோபரில், அந்தக் கொடையை மறுத்துவிட்டது.

வகுப்பிலே இதைச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான். "சார், சும்மா கொடுத்த மருந்தை வேண்டாமென்றால், அந்தக் குழந்தைகள் என்ன செய்யும்?" என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்வி. பதில் சொல்ல வாய் திறந்தேன், மணி அடித்துவிட்டது. (பள்ளிக்கூட மணிக்கு நேரம் தெரியும், நிலைமை தெரியாது!) அவனுக்குச் சொல்ல எண்ணியதை, தோழர்களே, உங்கள் முன் வைக்கிறேன்.

தருமம் தலைகாக்கும் என்று நமக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். காக்கிறது, மெய்தான். யாருடைய தலையை? கோவில் மண்டபத்துக்குக் குழல்விளக்கு வாங்கித் தரும் தனவந்தர், 'உபயம்' என்று அந்த விளக்கின் மீதே தம் பெயரைப் பட்டை பட்டையாக எழுதி வைக்கிறார். பாதி வெளிச்சத்தைப் பெயர் விழுங்கிவிடுகிறது! மருந்துக் கம்பெனிகள் ஏழை நாடுகளுக்குச் செய்யும் கொடையும் பெரும்பாலும் இந்தக் குழல்விளக்குத் தருமமே.

பெரும்பாலும் என்றேன், முழுவதும் என்று கூறவில்லை. பழி சுமத்தும்போதும் பகுத்தறிவாளன் கணக்கைச் சரியாகப் பார்த்தாக வேண்டும். ஆப்பிரிக்க ஆற்றங்கரைகளிலே ஒருவகை ஈ கடித்துப் பரவும் புழுநோய் உண்டு. அரிப்பிலே தொடங்கிக் குருட்டிலே முடியும். அதற்கு மருந்து ஐவர்மெக்டின். ஜப்பானிய அறிஞர் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரில் அதன் மூலம் கிடைத்தது. மெர்க் கம்பெனியின் ஆய்வுக்கூடத்திலே வில்லியம் கேம்பெல் குழுவினர் அதனை மருந்தாக்கினர். 2015இல் இருவருக்கும் நோபல் பரிசு. கால்நடை மருந்தாக விற்றே பெரும்பொருள் ஈட்டிய மெர்க், 1987இல், இந்நோய்க்கு வேண்டுமளவு, வேண்டுங்காலம் வரை இலவசமாகத் தருவதாக அறிவித்தது, சொல் தவறவில்லை. கொலம்பியா 2013இல் அந்நோயினின்று விடுபட்டது. ஆப்பிரிக்காவில் முதல் நாடாக நைஜர் 2025இல் விடுபட்டது. வாழ்த்துவோம்! ஆயினும் அந்த மாத்திரையை ஊர் ஊராகச் சுமந்து சென்று, ஆளின் உயரத்தைக் கோல் வைத்து அளந்து, அதற்கேற்ப எண்ணிக் கொடுத்தவர் யார்? பெரும்பாலும் கூலியின்றி உழைத்த அந்தந்த ஊர் ஏழைகள். அவர்தம் பெயர் எந்த விளக்கிலும் இல்லை. மேலும், அந்த நோயாளிகள் எந்த விலைக்கும் மருந்து வாங்க வக்கற்றவர்கள். அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்ததால் கடைவியாபாரம் குறையவில்லை.

வியாபாரம் குறையும் என்ற அச்சம் வந்தால்? அங்கேதான் வேடம் கலைகிறது!

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். எய்ட்ஸ் நோய் ஊர்களைக் காலி செய்துகொண்டிருந்த காலம். பிற நாட்டில் மலிவாகக் கிடைக்கும் மருந்தை இறக்குமதி செய்யலாம் என்று 1997இல் அந்த அரசு சட்டம் இயற்றியது. குற்றமா அது? குற்றமே என்றன கம்பெனிகள்! 1998இல் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் ஏறக்குறைய நாற்பது கம்பெனிகள் திரண்டு வழக்குத் தொடுத்தன. எதிர்வாதிகளில் முதற்பெயர் எது தெரியுமா? நெல்சன் மண்டேலா! இருபத்தேழாண்டு சிறையிருந்தவரை, தன் மக்களுக்கு மலிவாக மருந்து தேடிய குற்றத்துக்காகக் கூண்டுக்கு அழைத்தனர். ஆற்றங்கரையிலே கண்ணைக் காத்த அதே மெர்க்கும் அந்த வாதிகளில் ஒன்று! வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2000இல், போரிங்கர் இங்கல்ஹைம் என்ற கம்பெனி, தாயிடமிருந்து குழந்தைக்கு எய்ட்ஸ் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை ஏழை நாடுகளுக்கு ஐந்தாண்டுகள் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அதுவும் வாதிகளில் ஒன்றே. ஒரு கையிலே கொடை, மறு கையிலே வழக்கு! என்னே இவர்தம் இரக்கம்!

அன்று எய்ட்ஸ் கூட்டு மருந்துக்கு, ஓர் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 10,000 டாலருக்கு மேல் விலை. ஆராய்ச்சிச் செலவு, அதனால் குறைக்க இயலாது என்றனர். 2001 பிப்ரவரியில் மும்பை சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீது, அதே கூட்டு மருந்தை 350 டாலருக்கு எல்லைகளற்ற மருத்துவர்களுக்குத் தருகிறேன் என்றார். எப்படி முடிந்தது? மந்திரமா, மாயமா? இல்லை. 1970ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டம், மருந்து செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை தந்தது. மருந்துக்கே தனியுடைமை தரவில்லை. வேறு முறையிலே செய்தார், விற்றார். அவ்வளவுதான். விலையின் உள்ளிருந்த காற்று வெளியேறியது. உலகமே காறி உமிழ, 2001 ஏப்ரலில் வழக்கைச் சுருட்டிக்கொண்டு போயின கம்பெனிகள்.

தொலைவிலே நடந்த கதை என்று எண்ணாதீர். சென்னையிலேயே நடந்தது. இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையை, சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. பழைய பொருளின் புதிய வடிவம், கூடுதல் குணம் இல்லாவிடில், புதுமையாகாது என்கிறது சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவையே எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றம் சென்றது கம்பெனி, 2007இல் தோற்றது. உச்சநீதிமன்றம் சென்றது; 2013 ஏப்ரல் முதல் நாள் அங்கும் தோற்றது. மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் அதன் விலை. இந்தியக் கம்பெனிகள் விற்றதோ 10,000 ரூபாய் அளவில். "நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர்க்கு இலவசமாகவே தருகிறோமே" என்று வாதம் பேசினர். தந்தார்கள், இல்லையென்று சொல்லேன். இலவசமாகவே தருபவருக்குத் தனியுரிமை எதற்கு? ஏழாண்டு வழக்கு எதற்கு?

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறேன். கொடை வாங்கினால், எந்த ஊருக்கு, எந்தக் குழந்தைக்கு, எத்தனை நாளைக்கு என்பதைக் கொடுப்பவனே முடிவு செய்வான். நாளை நிறுத்தினால் ஏன் என்று கேட்க நமக்கு நாவில்லை. "இலவசமாகவும் தருகிறோமே" என்று காட்டி, வாங்க வரும் அரசுகளிடம் விலையை இறக்காமல் நிற்பான். இலவசம் குவியும் இடத்திலே மலிவாகச் செய்ய முன்வரும் வேறு உற்பத்தியாளனும் தலையெடுக்க மாட்டான். ஆண்டுக்கணக்காக அம்மருத்துவர்கள் கேட்டது விலைக்குறைப்பு, கிடைத்ததோ கொடை. ஆகவே மறுத்தனர். அடுத்த மாதமே, 2016 நவம்பரில், மனிதநேய அமைப்புகளுக்கு விலையைக் குறைப்பதாக அறிவித்தது பைசர்! பின்னர் புனேயின் சீரம் நிறுவனமும் அத்தகைய தடுப்பு மருந்தைச் செய்தது. 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் பெற்று, ஏழை நாடுகளுக்கு ஊசி ஒன்று 2 டாலருக்குத் தர முன்வந்தது.

மறுப்புக்கும் விலைக்குறைப்புக்கும் இடைப்பட்ட நாட்களில் ஊசியின்றிப் போன குழந்தை உண்டா? இருந்திருக்கலாம். மறுத்த மருத்துவர்களும் அதை எளிய முடிவென்று கூறவில்லை; நானும் கூறமாட்டேன். திங்கட்கிழமை முதல் பாடவேளை அந்த வகுப்பில்தான். அவன் அதைத்தான் முதலில் கேட்பான்.