வெளிநாட்டில் படித்துவிட்டு ஊர் திரும்புவது தோல்வியா? - ஓராண்டு முதுநிலைப் படிப்பின் கணக்கு

பிரிட்டனில் ஓராண்டு முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கும். அடுத்த ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததும் முடிந்துவிடும். அதன் பிறகு வேலை கிடைத்தவர்கள் அங்கே தங்குகிறார்கள். கிடைக்காதவர்களில் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னையிலோ திருச்சியிலோ வந்து இறங்குகிறார்கள். முதல் வாரம் வீட்டில் விருந்து. இரண்டாவது வாரம் உறவினர்களிடமிருந்து கேள்வி வரும்: “லீவுக்கு வந்தியா? எப்போ திரும்பப் போற?” இனி இங்கேதான் என்று சொன்னால், “ஏன், அங்க ஒண்ணும் செட் ஆகலையா?” என்று அடுத்த கேள்வி தயாராக இருக்கும்.

வெளிநாட்டில் படித்தவர் அங்கேயே ‘செட்டில்’ ஆவதுதான் வெற்றி, திரும்பி வருவது தோல்வி என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பிள்ளைகள் மனம் நோவதோடு இது நிற்பதில்லை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கும்போதே குடும்பத்தின் கணக்கைத் தவறாகப் போட வைப்பதும் இந்த எண்ணம்தான்.

பிரிட்டனில் என்ன மாறியிருக்கிறது?

படிப்பு முடித்தவர்கள் தங்கி வேலை தேட உதவும் ‘கிராஜுவேட் ரூட்’ விசா 2021 ஜூலையில் தொடங்கியது. முதுநிலை முடித்தவர்களுக்கு 2 ஆண்டு அனுமதி. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இது 18 மாதங்களாகக் குறைகிறது. இந்த விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் தனி. அதற்கு மேல் மருத்துவச் சேவைக்காக ஆண்டுக்கு 1,035 பவுண்டு கட்ட வேண்டும்.

அதன் பிறகும் தங்க வேண்டுமென்றால், ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனம் ஒன்று வேலை தர வேண்டும். அந்த ‘ஸ்கில்டு வொர்க்கர்’ விசாவுக்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2024 ஏப்ரல் வரை 26,200 பவுண்டாக இருந்தது. பிறகு 38,700 ஆனது. 2025 ஜூலையில் 41,700 ஆக உயர்ந்தது. படிப்பை முடித்துப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சலுகை உண்டு என்றாலும், அதுவும் 33,400 பவுண்டு. முதல் வேலையிலேயே இந்தச் சம்பளத்தையும் ஸ்பான்சரையும் சேர்த்துப் பிடிப்பது எல்லோருக்கும் நடக்கிற காரியமல்ல. திரும்பி வருகிற ஒருவரை ‘சரியாகப் படிக்கவில்லை போல’ என்று எடை போடுவதற்கு முன், இந்த எண்களை ஒருமுறை பார்ப்பது நல்லது.

கடன் கணக்கு எங்கே இடிக்கிறது?

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி, படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால், வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் சொத்துப் பிணையும் கேட்பார்கள்.

ஓர் உதாரணம். 30 லட்சம் ரூபாய் கடன், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகையும் தொடக்கத்திலேயே வழங்கப்பட்டால், 2 ஆண்டுத் தனிவட்டியே 6 லட்சம். 36 லட்சத்தை 10 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 47,500 ரூபாய். இங்கே மாதம் 50,000 ரூபாய் சம்பளத்தில் சேருகிறவருக்குக் கையில் மிஞ்சுவது இரண்டாயிரத்துச் சொச்சம். தவணைக் காலத்தை 15 ஆண்டாக நீட்டினால் மாதம் சுமார் 38,700 ஆகக் குறையும். ஆனால், மொத்தமாகக் கட்டும் தொகை 57 லட்சத்திலிருந்து கிட்டத்தட்ட 70 லட்சமாகிவிடும்.

பவுண்டில் சம்பாதித்து ரூபாயில் அடைத்துவிடலாம் என்று போட்ட கணக்கு, ஊர் திரும்பியதும் இப்படித்தான் கழுத்தைப் பிடிக்கிறது. அட்மிஷன் வாங்கித் தரும் ஏஜென்சிகள் ‘அங்க போயிட்டா பாத்துக்கலாம்’ என்கின்றன. அந்த ‘பாத்துக்கலாம்’ என்பதற்குப் பொறுப்பு ஏற்பவர், கடனில் இணை கையெழுத்துப் போட்ட அப்பாவோ அம்மாவோதான்.

ஓராண்டுப் பட்டம் இங்கே செல்லுமா?

முன்பு இது பெரிய தலைவலி. இந்தியாவில் முதுநிலை 2 ஆண்டு என்பதால், பிரிட்டனின் ஓராண்டுப் பட்டத்துக்குச் சமநிலை கிடைப்பதில் சிக்கல் இருந்தது. 2022 ஜூலையில் இரு நாடுகளும் செய்த உடன்பாடு அதைத் தீர்த்தது. ஆனால் பொறியியல், மருத்துவம், செவிலியர் கல்வி, மருந்தியல், சட்டம், கட்டிடக்கலை ஆகியவை அந்த உடன்பாட்டுக்குள் வராது. வெளிநாட்டுப் பட்டங்களுக்குச் சமநிலை வழங்குவது குறித்து 2025 ஏப்ரலில் யுஜிசி தனி விதிமுறைகளை வெளியிட்டது. தனியார் நிறுவனங்கள் பொதுவாகச் சமநிலைச் சான்றிதழ் கேட்பதில்லை. அரசு வேலைக்கோ, முனைவர் பட்டப் பதிவுக்கோ, கல்லூரி ஆசிரியர் பணிக்கோ போகிறவர்கள் அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு இடைஞ்சல் காலண்டர். ஆய்வேடு கொடுத்த பிறகு மதிப்பெண் வரவும், பட்டமளிப்பு நடக்கவும் சில மாதங்கள் ஆகும். அதற்குள் நம் கல்லூரிகளில் வளாகத் தேர்வு தொடங்கி ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி வந்தவர் எந்தக் கல்லூரியின் வரிசையிலும் நிற்க முடியாது. தனியாகத்தான் தேட வேண்டும். எனவே, நான்கைந்து மாதம் வேலையில்லாமல் இருப்பது அசாதாரணமல்ல.

சொந்த ஊரே ஏன் புதிதாகத் தெரிகிறது?

வெளிநாடு போகிறவர்களின் மனநிலை முதலில் உற்சாகம், பிறகு சரிவு, பிறகு தேறுதல் என்று ‘யு’ வடிவில் போகும் என்று 1955இல் நார்வே ஆய்வாளர் லிஸ்கார்ட் எழுதினார். ஊர் திரும்பியதும் அதே ஏற்ற இறக்கம் மறுபடி வரும், எனவே அது ‘டபிள்யூ’ வடிவம் என்று 1963இல் அமெரிக்காவின் குல்லாஹார்ன் தம்பதி அதை நீட்டித்தார்கள். எல்லோருக்கும் இது அச்சுப் பிசகாமல் பொருந்தாது. ஆனால், இரண்டாவது சரிவு நம் வீடுகளில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றுதான்.

ஓராண்டு தனியாகச் சமைத்து, வாடகை கொடுத்து, பகுதிநேர வேலை பார்த்து வாழ்ந்தவரிடம் “ராத்திரி எட்டு மணிக்கு மேல எங்க போற?” என்று கேட்டால் சுருக்கென்றுதான் இருக்கும். பெண்களுக்கு இந்தச் சுருக்கு இன்னும் கூடுதல். வந்து இறங்கிய மாதமே ஜாதகம் வெளியே வந்துவிடுகிறது. வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வருத்தம் உண்டு: “எதுக்கெடுத்தாலும் அங்க அப்படி, இங்க இப்படினு பேசுறான்.” இரண்டு பக்கமும் சில மாதம் பொறுத்துப் போக வேண்டிய காலம் இது.

என்ன செய்யலாம்?

கிளம்பும் முன்: மதிப்பெண் பட்டியல் நகல்களைப் பல்கலைக்கழகத்திடம் கேட்டு வாங்குங்கள். வாடகை முன்பணத்தைத் திரும்பப் பெறுங்கள். இங்கிலாந்தில் வீட்டு உரிமையாளர் பெறும் வாடகை முன்பணம் பொதுவாக அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் இருக்க வேண்டும். பகுதிநேர வேலையில் வரி பிடித்திருந்தால், பி85 படிவம் மூலம் திரும்பக் கேட்க முடியுமா என்று பாருங்கள். அங்கே ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை பொதுவாக வருமான வரி இல்லை.

வந்த பின்: வேலை கிடைக்கவில்லை என்றால், தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடனாகிவிடும். கடன் மதிப்பெண் அடிபடுவது பிள்ளைக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும்தான். கல்விக்கடன் வட்டிக்குப் பழைய வரி முறையில் 8 ஆண்டு வரை கழிவு உண்டு என்பதையும் கணக்கில் எடுங்கள்.

போகும் முன்: இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ‘அடுத்த வருடமே திரும்பி வந்தால், இங்கே கிடைக்கிற சம்பளத்தில் இந்தக் கடனை அடைக்க முடியுமா?’ என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முடியும் என்றால் தைரியமாகப் போகலாம். அங்கே வேலை கிடைத்தால் அது லாபம். முடியாது என்றால், கடனைக் குறைக்கவோ, படிப்பை மாற்றவோ, ஓராண்டு தள்ளிப்போடவோ யோசிக்க வேண்டும். கடன் கொடுக்கும்போது வங்கிகளும் இந்தக் கணக்கைப் பெற்றோரிடம் விளக்கிச் சொல்வதைக் கட்டாயமாக்க வேண்டும்.

படிப்பதற்காகப் போனவர் படித்துவிட்டு வந்திருக்கிறார். போன காரியம் முடிந்தது என்றுதான் அதற்கு அர்த்தம். அடுத்த முறை பக்கத்து வீட்டுப் பிள்ளை ஊர் திரும்பினால் “ஏன் வந்துட்ட?” என்பதற்குப் பதில் “என்ன படிச்ச, அடுத்து என்ன செய்யப் போற?” என்று கேட்டுப் பார்ப்போம். தெரிந்த இடத்தில் வேலை காலியிருந்தால் அதையும் சேர்த்தே சொல்லலாம்.