வேகத்தை யார் அளப்பது?

கோப்பு எவ்வளவு பெரிதாயினும் அதிலிருந்து சிறியதொரு கைரேகையை எடுத்துத் தருவது ஹாஷ் சார்பு. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும். மின்கையொப்பங்கள் இதனை நம்பியே இயங்குகின்றன.

இதற்குப் புதிய தராதரமொன்றைத் தெரிவு செய்யும் பொருட்டு அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2007ஆம் ஆண்டு உலகளாவிய போட்டியொன்றை அறிவித்தது. 64 விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தன. பாதுகாப்புடன் வேகமும் கணக்கில் எடுக்கப்பட்டது.

ஆனால், வேகம் என்பது ஒற்றை எண் அன்று. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பி மாறினால் அதே நிரலின் வேகமும் மாறும். செயலி மாறினால் முந்தியது பிந்தும். எனவே, ஆக்கியோரே தரும் கணக்கை மட்டும் எப்படி நம்புவது?

டானியல் பேர்ன்ஸ்டைனும் தான்யா லாங்கேயும் நடத்திய ஈபாஷ் திட்டம் இதற்கு விடை கண்டது. ஒவ்வொரு நிரலையும் பல தொகுப்பிகளால் மொழிமாற்றி, பல கணினிகளில் ஓட்டி, ஒரு பைட்டுக்கு எத்தனை செயலிச் சுழற்சிகள் தேவைப்படுகின்றன என அளந்தது. பேர்ன்ஸ்டைனும் அப்போட்டியில் கியூப்ஹாஷ் என்ற ஆக்கத்துடன் நின்றவரே. எனினும் அளவுகருவியும் முடிவுகளும் பகிரங்கமாக இருந்தமையால், எவரும் அளந்து சரிபார்க்க முடிந்தது.

2012இல் வென்ற கெச்சாக், சாதாரணக் கணினி மென்பொருளில் முதலிடம் பெற்றதன்று. வன்பொருளிலேயே சிறந்து விளங்கியது. எங்கே, எதனால் அளந்தீர்கள் என்று கேளாமல் வேகக் கணக்கை ஏற்பது, வியாபாரியின் தராசையே சாட்சியாக ஏற்பதற்கு ஒப்பாகும்.