பழைய பத்மினிக்குப் புது இன்ஜின்: மாற்றலாமா, கூடாதா? சட்டம் சொல்வது என்ன?

பழைய பிரீமியர் பத்மினி கார். பளபளக்கும் பெயின்ட், மின்னும் குரோம் பம்பர். பானட்டைத் தூக்கினால் உள்ளே இருப்பது வேறொரு காரின் நவீன இன்ஜின். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வண்டி சீறிப் பாய்கிறது. இப்படி ஒரு ரீல்ஸைப் பார்த்ததும் பலருக்கும் வரும் முதல் கேள்வி, 'செலவு எவ்வளவு ப்ரோ?' என்பதுதான். ஆனால், அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. வேகமாக ஓடும் அந்த வண்டி, பிரேக் போட்டால் நிற்குமா? ஆர்.சி. புக்கின்படி அது எந்த வண்டி?

ஏன் இந்த ஆசை?

காரணம் நியாயமானதுதான். பத்மினியில் இருப்பது 1,089 சிசி பெட்ரோல் இன்ஜின். சக்தி சுமார் 40 குதிரைத்திறன். கார்புரேட்டர், நான்கு கியர். தாத்தா, அப்பா காலத்தில் இது போதுமானதாக இருந்தது. இன்றைய நான்குவழிச் சாலையில் பின்னால் லாரி ஹாரன் அடிக்கும்போது போதவில்லை. உதிரிபாகம் கிடைப்பதும் வருடத்துக்கு வருடம் கஷ்டமாகிறது. வீட்டின் நினைவாக நிற்கும் காரை விற்க மனசு வராதவர்களுக்கு, 'பாடி பழசு, இன்ஜின் புதுசு' என்பது நல்ல சமரசமாகத் தெரிகிறது.

பெரிய இன்ஜின் என்றால் மிகப் பெரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாருதி ஈக்கோவில் வந்த 1,196 சிசி இன்ஜினை எடுத்துக்கொள்வோம். அளவில் பத்மினி இன்ஜினைவிட 107 சிசிதான் அதிகம். ஆனால், அது தந்த சக்தி 73 குதிரைத்திறன். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிரச்சினையே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இன்ஜினோடு வேறு என்னென்ன மாற வேண்டும்?

பத்மினி பின்சக்கர இயக்கம் கொண்ட கார். இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும். இன்றைய சின்ன கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. அவற்றில் இன்ஜின் குறுக்குவாட்டில் இருக்கும். எனவே, கிடைத்த இன்ஜினை எல்லாம் தூக்கி வைத்துவிட முடியாது. பொருத்தமான இன்ஜின் கிடைத்தாலும் மவுன்டிங், கிளட்ச், கியர்பாக்ஸ், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், சைலன்சர், வயரிங், இ.சி.எம். என்று பட்டியல் நீளும்.

இதெல்லாம் வண்டி ஓடுவதற்கு. நிற்பதற்கு? பத்மினியின் நான்கு சக்கரங்களிலும் இருப்பது டிரம் பிரேக். அது 40 குதிரைத்திறன் வண்டிக்காக வடிவமைக்கப்பட்டது. வேகம் கூடும்போது பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் அதே விகிதத்தில் கூடாது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 60 கி.மீ. வேகத்தில் போன வண்டி 85 கி.மீ. வேகத்தில் போனால், பிரேக் வெப்பமாக மாற்றித் தள்ள வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும். டிரம் பிரேக் தொடர்ந்து சூடேறினால் பிடிப்பு குறையும். மலைப்பாதையில் இறங்கும்போது இது உயிர் பிரச்சினை.

இன்னொன்று, பத்மினிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியேதான் முழு பாரத்தையும் தாங்குகிறது. பல பத்தாண்டு பழைய தகட்டில் உள்ளுக்குள் துரு ஏறியிருந்தால், அதில் வெல்டிங் வைத்துப் புது மவுன்டிங் கட்டுவது பலமான வேலை ஆகாது.

கார் கம்பெனிகள் எப்படிச் செய்தன?

சின்ன காரில் பெரிய இன்ஜின் என்பது புது யோசனை அல்ல. பிரிட்டனில் 1959-ல் வந்த மினி காரின் இன்ஜின் 848 சிசி, 34 குதிரைத்திறன். பந்தயக் கார் தயாரிப்பாளர் ஜான் கூப்பரின் யோசனையில் 1961-ல் வந்த மினி கூப்பரில் அது 997 சிசி, 55 குதிரைத்திறனாக உயர்ந்தது. ஆனால், அதே காரில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே வந்தது. அடுத்து வந்த கூப்பர் எஸ், 1964-ல் மான்டி கார்லோ ராலியை வென்றது.

அதே 1964-ல் சன்பீம் ஆல்பைன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்குள் ஃபோர்டின் 4.3 லிட்டர் வி8 இன்ஜினை வைத்து சன்பீம் டைகர் உருவானது. இடம் போதாமல் ஸ்டீயரிங் அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற, காருக்குள் உட்கார்ந்து தடுப்புத் தகட்டில் உள்ள சிறு மூடியைத் திறக்க வேண்டும். தொழிற்சாலையும் பொறியாளர்களும் இருந்தும் இவ்வளவு பாடு.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் ஆகும்படி, எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. மீறினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பிடிபடுவது ரோட்டில்தான் என்றில்லை. 15 ஆண்டு முடிந்த தனியார் கார்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். ஆய்வில் இன்ஜின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே சிக்கல்தான்.

விண்டேஜ் பதிவு வாங்கினால் தப்பிக்கலாமா?

முடியாது. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவுசெய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். ஆனால், சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 1970-களின் தொடக்கத்தில் பதிவான ஃபியட் 1100 கார்கள் இந்த வயதை எட்டிவிட்டன. இன்ஜினை மாற்றினால், அந்தத் தகுதி கைவிட்டுப் போகும். தவிர, விண்டேஜ் வண்டியைக் கண்காட்சி, ராலி போன்ற தேவைகளுக்குத்தான் ஓட்டலாம். தினசரி ஆபீஸ் போக முடியாது.

விபத்து நடந்தால்?

உண்மையான ரிஸ்க் இதுதான். இன்சூரன்ஸ் பாலிசி என்பது ஆர்.சி.யில் உள்ள வண்டிக்குத்தான். சொல்லாமல் இன்ஜினை மாற்றியிருந்தால், சொந்தச் சேதத்துக்கான க்ளெய்மை மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். மற்றொருவர் அடிபட்டால் இழப்பீட்டு வழக்கிலும் இது கிளப்பப்படலாம். அப்போது சுமை உரிமையாளர் தலையில் விழலாம். பாதிக்கப்பட்ட குடும்பம் அலைய வேண்டிவரலாம்.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் பல ஆண்டுகள் பின்பற்றப்பட்ட புள்ளி முறையில், பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க 8 புள்ளிகள் தேவை. சேஸிஸ் அல்லது பாடி ஷெல்லுக்கு 5. சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஆகியவற்றுக்குத் தலா 2. இன்ஜினுக்கு வெறும் 1. அதாவது இன்ஜின் மட்டும் மாறினால் அடையாளம் போகாது. அதே நேரம், 40 ஆண்டு தாண்டிய கார்களுக்கு அங்கு வருடாந்திர ஆய்விலிருந்து விலக்கு உண்டு. பெரிய அளவில் மாற்றிய கார்களுக்கு அந்த விலக்கு இல்லை. அதாவது, 'மாற்று, ஆனால் ஆய்வுக்கு வா' என்கிறது அந்த அணுகுமுறை. இந்தியாவின் அணுகுமுறையோ 'மாற்றாதே' என்பது. ஒற்றைக் காரை நல்ல பிரேக்குடன் முறையாக மாற்றியவருக்கும், பழைய டிரம் பிரேக்கையே வைத்துக்கொண்டு இன்ஜினை மட்டும் திணித்தவருக்கும் இங்கே சட்டத்தின் முன் வித்தியாசம் இல்லை. இருவருமே ஆய்வாளர் கண்ணில் படாமல் ஓட்டுகிறார்கள். ஆபத்தான வண்டி எது என்று யாருக்கும் தெரியாமலே போகிறது.

சட்டப்படி என்ன செய்யலாம்?

ஒன்று, அதே கம்பெனியின் அதே வகை இன்ஜினைப் பொருத்தலாம். ஆர்.டி.ஓ. ஒப்புதல் பெற்று, ஆர்.சி.யில் புது இன்ஜின் நம்பரை ஏற்ற வேண்டும். இன்ஜின் வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும். இரண்டு, 52-வது பிரிவே சிஎன்ஜி, பேட்டரி போன்ற மாற்று எரிபொருளுக்கு அனுமதி தருகிறது. அங்கீகரிக்கப்பட்ட கிட்டாக இருக்க வேண்டும், முறைப்படி பொருத்திப் பதிவுசெய்ய வேண்டும். பெரிய பெட்ரோல் இன்ஜினுக்குக் கிடைக்காத வழி, மின்சார மோட்டாருக்குத் திறந்திருக்கிறது. மூன்று, இருக்கும் இன்ஜினையே போரிங் கடையில் கொடுத்து முழுதாகப் புதுப்பிக்கலாம்.

ஏற்கெனவே மாற்றப்பட்ட காரை வாங்க நினைப்பவர்கள், டெஸ்ட் டிரைவுக்கு முன் பானட்டைத் திறந்து இன்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால், 'அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம் சார்' என்ற பேச்சை நம்பி அட்வான்ஸ் கொடுக்காமல் இருப்பது நல்லது.