ஆசிரியர் கேலிப் பொருளா?

ஔந்தில் தமிழ் மாணவர் நால்வர் ஓர் அறையில் வாழ்கிறோம். இரவு உணவு முடிந்தால் பேச்சு 'கனா காணும் காலங்கள்' தொடரில் வந்து நிற்கும். 2006இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய அந்தப் பள்ளிக்கூடக் கதை, 2022இல் புதிய மாணவர்களோடு இணையத் திரைக்கும் வந்தது. அதன் நட்பையும் குறும்பையும் யார்தாம் விரும்பமாட்டார்?

ஆயினும், பொதுவாக நம் படங்களையும் தொடர்களையும் பார்த்து ஒன்று கேட்கிறேன்: தமிழாசிரியர் என்றாலே கேலிதானா?

1969 முதல் 1974 வரை அமெரிக்காவில் 'ரூம் 222' என்றொரு தொடர் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் உயர்நிலைப் பள்ளியொன்றில் வரலாறு கற்பிக்கும் பீட் டிக்சன் என்ற கறுப்பின ஆசிரியரே அதன் நாயகர். சிரிப்பு உண்டு, ஆசிரியரின் மதிப்பும் குன்றவில்லை.

என் தமிழாசிரியரின் நடையை நடித்துக் காட்டி வகுப்பைச் சிரிக்க வைத்தவன் நான். இன்று, மராத்தி ஒலிக்கும் தெருவில் இருந்துகொண்டு இதைப் பிழையின்றி எழுதுகிறேன் என்றால், அது அவருடைய சிவப்பு மையின் பயன் அன்றோ?

நண்பர்களே, சிரிப்போம், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்றும் எண்ணுவோம். விடுமுறையில் ஊர் சென்றதும் அவரைக் கண்டு வணங்கப் போகிறேன். நீங்கள் காண வேண்டியவரும் ஒருவர் இருப்பாரே!